தண்ணீருக்கு மூடி, மனிதருக்குக் கூரை
வீட்டு வளவில் வெந்நீர்த் தொட்டி அமைப்போர் கவனத்துக்குச் சில குறிப்புகள்

திருகோணமலைக்கு வடமேற்கே கன்னியாவில் ஏழு வெந்நீர்க் கிணறுகள் உள்ளதை நம் அங்கத்தவர்களில் அறியாதவர் இருக்கமாட்டார்கள். தாயின் ஈமக்கடனுக்காக இராவணன் உண்டாக்கிய கிணறுகள் என்பது ஐதீகம். ஒரு கிணற்றின் சூடு மற்றக் கிணற்றில் இராது. வாளியால் அள்ளித் தலையில் வார்த்துக்கொண்டு, வெயிலில் நின்றே தலையைத் துவட்டிவிட்டு வருவது அங்கே வழக்கம். அந்த வெயிலில் நனைந்த உடம்புக்குக் குளிர் என்ற பேச்சே கிடையாது.

நாம் வந்து வாழும் சுவிற்சர்லாந்திலும் நிலத்தடியிலிருந்து வெந்நீர் ஊறுகிறது. ஆர்கௌ கன்ரோனிலுள்ள பாடன் நகரின் ஊற்று 47 பாகை சூடுடையது. உரோமர் காலத்திலிருந்தே அங்கே மக்கள் நீராடி வந்திருக்கிறார்கள். வலே கன்ரோனின் லொய்க்கர்பாட்டில் நீர் 51 பாகையில் வெளிவருகிறது. பாட் ராகாஸ் ஊருக்குத் தமினா ஆற்றுப் பள்ளத்தாக்கிலிருந்து வரும் ஊற்றுநீர் 36.5 பாகை. 2021ஆம் ஆண்டில் பாடனிலும் அயலூரான எனெற்பாடனிலும் லிமாட் ஆற்றங்கரையில் பொதுமக்கள் கட்டணமின்றி இறங்கி அமரத்தக்க வெந்நீர்த் தொட்டிகள் திறக்கப்பட்டன. பனிக்காலத்தில் திறந்த வெளியில் வெந்நீரில் அமர்ந்திருப்பது இந்நாட்டாருக்கு ஓர் ஆரோக்கியப் பழக்கம்.

அந்தப் பழக்கம் இப்போது வீட்டு வளவுகளுக்கும் வந்துவிட்டது. வேர்ல்பூல் என்றும் ஹொட்பொட் என்றும் இங்கே அழைக்கப்படும் வெந்நீர்த் தொட்டிகள் நம்மவர் வீடுகளிலும் ஒன்றிரண்டாகத் தென்படுகின்றன. இதை வெறும் ஆடம்பரம் என்று தள்ளிவிடுவது நியாயமாகாது. 1980களில் இங்கு வந்து, உணவகச் சமையலறைகளிலும் வைத்தியசாலைகளின் துப்புரவுப் பகுதிகளிலும் முப்பது நாற்பது ஆண்டுகள் நின்று உழைத்த முழங்கால்கள் நம்மிடையே பல உண்டு. அப்பா, அம்மாவின் கால்வலிக்கு இதமாக இருக்கட்டும் என்று பிள்ளைகள் தம் புது வீட்டில் தொட்டி வைக்க விரும்பினால் அது பாராட்டுக்குரியதே.

ஆனால் தொட்டி வந்து இறங்கிய மறுவாரமே ஒரு கேள்வி எழும்: மழைக்கும் வெயிலுக்கும் மேலே என்ன போடுவது? இதற்குப் பலர் கடையில் விடை தேடுகிறார்கள். கடையில் கிடைப்பது பொருள் மட்டுமே. விடை நம் வளவிலும், அந்த ஊரின் பனியிலும் காற்றிலும், கெமைண்டே அலுவலகத்திலும், அயலவர் மனத்திலும் இருக்கிறது. ஆண்டுக் கணக்கில் சேர்த்த பணம் ஓர் இரவுப் பனியில் சரிந்துபோகாமலும், கட்டிய கூரையைப் பிரித்தெடு என்று கடிதம் வராமலும் இருக்க வேண்டுமாயின், சில விடயங்களை முன்கூட்டியே அறிந்துகொள்வது நல்லது.

மழையா, காற்றா?

மழைநீர் தொட்டியில் விழுந்தால் தண்ணீர் ஆறிவிடும், ஆகவே முதலில் கூரை வேண்டும் என்பது பலருடைய எண்ணம். கணக்குப் போட்டுப் பார்ப்போம். தொட்டியின் மேற்பரப்பு 4 சதுர மீற்றர், உள்ளே 1,300 லீற்றர் நீர், சூடு 38 பாகை என்று கொள்வோம். 10 மில்லிமீற்றர் மழை என்பது நல்ல மழைதான். அப்படிப் பெய்தால் தொட்டியில் 40 லீற்றர் குளிர்நீர் சேரும். அந்த நீர் 10 பாகையில் இருந்தால், தொட்டியின் சூடு ஒரு பாகைகூடக் குறையாது. அதனை மீட்க ஏறக்குறைய 1.3 கிலோவாற் மணி மின்சாரம் போதும்.

மறுபக்கம் பாருங்கள். திறந்து கிடக்கும் வெந்நீரிலிருந்து ஒரு லீற்றர் ஆவியாகிப் போனால், அது தன்னோடு ஏறக்குறைய 0.67 கிலோவாற் மணி வெப்பத்தைக் கொண்டுபோகிறது. இரண்டே லீற்றர் ஆவியானால் மேற்சொன்ன மழை முழுவதற்கும் ஈடான நட்டம். குளிர்காலத்தில் காற்று வீசும் இரவில் மூடியில்லாத தொட்டியிலிருந்து இதைப்போலப் பல மடங்கு நீர் ஆவியாகும். நான்கு தூண்களில் நிற்கும் கூரை இதைத் தடுக்காது. அதன் கீழே காற்று தாராளமாக வீசும்.

இதிலிருந்து ஒரு விதி கிடைக்கிறது. தண்ணீரைக் காப்பது மூடி. மனிதரைக் காப்பது கூரை. இரண்டையும் ஒன்றாகக் குழப்பிக்கொள்வதாலேயே வீண்செலவு உண்டாகிறது. பணம் ஒன்றுக்குத்தான் போதுமென்றால் முதலில் நல்ல மூடியை வாங்குங்கள். தடித்த நுரைப்பலகை உள்ளே வைத்துத் தைத்த, விளிம்பில் இடைவெளியின்றிப் பொருந்தும், பூட்டக்கூடிய மூடியே வேண்டற்பாலது. சில ஆண்டுகளில் நுரைப்பலகை நீரை உறிஞ்சிப் பாரமாகும். தூக்கும்போது மூடி வழமையிலும் கனமாகத் தெரிந்தால் அதை மாற்றும் காலம் வந்துவிட்டது என்று பொருள். பாரமான ஈர மூடி சூட்டைக் காக்காது. முதியவர் முதுகையும் முறிக்கும்.

இந்நாட்டுச் சட்டமும் மூடிக்கு முதலிடம் தருகிறது. கன்ரோன்கள் கூடி 2014இல் வகுத்த எரிசக்தி மாதிரி விதிகளில், 8 கன மீற்றருக்கு மேற்பட்ட நீர் கொள்ளும் வெளிப்புறக் குளியல் தடாகத்தை மின் வெப்பப் பம்பியால் சூடாக்குவதானால் நீரின் மேற்பரப்புக்கு மூடி இருக்க வேண்டும் என்று கூறப்பட்டுள்ளது. வீட்டுத் தொட்டிகள் பெரும்பாலும் ஒன்றிரண்டு கன மீற்றருக்குள் அடங்குவதால் இந்த விதிக்குள் வருவதில்லை. எனினும் விதியின் நியாயம் சிறிய தொட்டிக்கும் பொருந்தும்.

அடுத்து, கூரைக்கு முன்பே நினைக்க வேண்டியது பக்கத் தடுப்பு. இந்நாட்டில் மழை பெரும்பாலும் மேற்கிலிருந்து சாய்ந்து வருகிறது. வடகிழக்கிலிருந்து பீசே எனப்படும் குளிர்காற்று, பேர்ண் பக்கத்திலிருந்து ஜெனீவா வரை ஊடுருவும். உரி கன்ரோனிலும் ரைன் பள்ளத்தாக்கிலும் தெற்கிலிருந்து ஃபோன் காற்று வீசும். உங்கள் வளவில் எந்தக் காற்று அதிகம் என்பதை ஒரு குளிர்காலம் கவனித்துவிட்டு, அந்தப் பக்கத்தில் மரத்தட்டி அல்லது அடர்ந்த செடிவேலி வைத்தால், நனைந்த உடம்போடு எழும்பும்போது அதன் பயன் தெரியும்.

இந்நாட்டு வெயிலின் குணம்

யாழ்ப்பாணத்தில் சூரியன் ஆண்டில் இரு தடவை நேர் உச்சிக்கு வரும். பந்தல் போட்டால் நிழல் பந்தலின் காலடியிலேயே விழும். கிடுகுப் பந்தலின் கீழ் கலியாணம் நடத்திப் பழகிய நாம், கூரை எங்கேயோ நிழலும் அங்கேதான் என்று எண்ணுவது இயல்பு. இந்நாட்டில் அது பொருந்தாது.

சூரிச்சில் ஜூன் 21இல் நண்பகற் சூரியனின் உயரம் 66 பாகை. டிசெம்பர் 21இல் 19 பாகை மட்டுமே. இரண்டரை மீற்றர் உயரமான கூரையின் நிழல் கோடை நண்பகலில் ஏறக்குறைய 1.1 மீற்றர் வடக்கே தள்ளி விழும். மார்கழி நண்பகலில் 7 மீற்றருக்கு மேல் வடக்கே போய்விடும். ஆகவே கோடையில் நிழல் வேண்டுமாயின் கூரை தொட்டிக்கு நேர் மேலே மட்டும் இருந்தால் போதாது. தெற்குப் பக்கம் ஒரு மீற்றர் நீண்டிருக்க வேண்டும். குளிர்காலத்தில் தாழ்ந்த சூரியன் அதே கூரைக்குக் கீழாக உள்ளே நுழைந்து நம்மைத் தொடும். அதை யாரும் தடுக்க விரும்பமாட்டார்கள்.

ஆனி, ஆடி மாதங்களில் சூரியன் இரவு 9 மணிக்குப் பிறகே மறைகிறது, அதுவும் வடமேற்கில். வேலை முடிந்து மாலையில் தொட்டியில் இறங்குபவரின் கண்ணில் படுவது இந்தச் சாய்வெயில். இதற்குக் கூரை உதவாது. மேற்குப் பக்கம் ஒரு தட்டியோ, இழுத்து மூடும் துணியோ வேண்டும்.

அதோடு, குளிர்கால நிழல் ஏழு மீற்றர் நீளும்போது அது யார் வளவில் விழுகிறது என்பதையும் பாருங்கள். கிடைக்கும் சிறு வெயிலை எதிர்பார்த்துச் செடி வளர்க்கும் அயலவருக்கு அது சிறு விடயம் அல்ல.

என்னென்ன வகைகள் உண்டு?

குடை: பக்கத்தில் ஒரு காலில் நின்று தொட்டிக்கு மேல் கை நீட்டும் பெரிய குடை மிக எளிது. கோடை வெயிலுக்கும் தூறலுக்கும் போதும். பாவிக்காத நேரம் மடக்கிக் கட்ட வேண்டும். பனிக்காலத்தில் உள்ளே எடுத்து வைக்க வேண்டும். வாடகை வீட்டில் இருப்பவருக்கும் வீட்டுச் சொந்தக்காரருக்கும் மனத்தாங்கல் வராத வழி பெரும்பாலும் இதுவே.

நிழற்பாய்: மூன்று அல்லது நான்கு மூலைகளில் இழுத்துக் கட்டும் துணி. பார்க்க அழகு. ஆனால் மட்டமாகக் கட்டினால் மழைநீர் நடுவில் தேங்கும். திருவிழாக் காலத்தில் கூடாரம் போடும் நம் தொண்டர்களுக்கு இது நன்கு தெரியும்; தறப்பாள் நடுவில் தண்ணீர் பை கட்டினால், தடியால் தள்ளி ஊற்றும்வரை நிம்மதி இராது. ஒரு மூலையையாவது நன்றாகத் தாழ்த்திக் கட்ட வேண்டும். ஐப்பசியில் கழற்றி வைத்துச் சித்திரையில் மீண்டும் கட்டுவதே முறை. துணியின்மேல் பனி சேர விடலாகாது.

பொலிகார்பனேற் தகடு: உள்ளே அறைகள் கொண்ட, ஒளி ஊடுருவும் பிளாஸ்ரிக் தகடு. பாரம் குறைவு, விலையும் கண்ணாடியைவிடக் குறைவு. வெயிலைத் தாங்கும் பூச்சு உள்ள பக்கமே மேலே இருக்க வேண்டும். தலைகீழாகப் பொருத்திவிட்டால் சில ஆண்டுகளில் மஞ்சளாகி நொறுங்கும். 3 மீற்றர் தகடு பனிக்கும் கோடைக்கும் இடையே ஏறக்குறைய ஒரு சென்ரிமீற்றர் நீண்டு சுருங்கும். ஆகவே ஆணித் துளைகளைச் சற்றுப் பெரிதாகத் துளைக்காவிட்டால் தகடு வெடிக்கும். பொதுவாகக் குறைந்தது 5 பாகை சரிவு, அதாவது ஒரு மீற்றருக்கு 9 சென்ரிமீற்றர் இறக்கம் வேண்டும். மழை பெய்யும்போது தகடு மேளம்போல ஒலிக்கும். இது சிலருக்கு இன்பம், அயலவர் சிலருக்குத் துன்பம்.

கண்ணாடி: தலைக்கு மேலே போடுவதானால் இரு கண்ணாடிகளுக்கு இடையே படலம் வைத்து ஒட்டிய பாதுகாப்புக் கண்ணாடியே வேண்டும். உடைந்தாலும் அது துண்டுதுண்டாகத் தலையில் விழாமல் படலத்தில் ஒட்டி நிற்கும். 10 மில்லிமீற்றர் கண்ணாடி ஒரு சதுர மீற்றருக்கு 25 கிலோ. 9 சதுர மீற்றர் கூரைக்குக் கண்ணாடி மட்டும் 225 கிலோ ஆகும். தூண்களையும் சட்டங்களையும் அந்தப் பாரத்துக்கு ஏற்றபடி அமைக்க வேண்டும்.

மரக்கூரை: இந்நாட்டு லேர்ஹே மரம் ஈரத்தை நன்கு தாங்கும். ஓடோ தகரமோ வேய்ந்த சிறு மரக்கூரை நிரந்தரமானது. நல்ல நிழல் தரும். அதனாலேயே அதற்கு அனுமதிக் கேள்வியும் கூடுதல்.

திருப்பும் தகடுக் கூரை: அலுமினியத் தகடுகளைத் திருப்பித் திறக்கவும் மூடவும் இயலும். வெயில், மழை இரண்டுக்கும் ஏற்றது, விலை அதிகம். பனிக்காலத்தில் தகடுகளை எந்த நிலையில் வைக்க வேண்டும் என்று செய்தவரிடம் எழுத்தில் கேட்டு வாங்குங்கள்.

எந்த வகையானாலும் ஒன்றை மறக்கலாகாது. தொட்டியிலிருந்து எழும் ஆவி குளிர்ந்த கூரையின் அடியில் பட்டு நீராகித் தலையில் சொட்டும். அந்த ஆவியில் நீர்ச்சுத்தி மருந்தும் கலந்திருப்பதால் சாதாரண இரும்பு ஆணிகள் விரைவில் துருப்பிடிக்கும். மேற்பக்கத்தில் ஆவி வெளியேற இடைவெளி விடுங்கள். துருவேறா உருக்கு ஆணிகளையே பாவியுங்கள். மூடியைத் தூக்கி மடிக்கும் இடம், தொட்டியின் படியில் நிற்பவரின் தலைக்கு மேல் இடைவெளி ஆகிய இரண்டையும் அளந்த பிறகே கூரையின் உயரத்தைத் தீர்மானியுங்கள்.

பனியின் பாரமும் காற்றின் வலுவும்

ஊரில் கூரைக்குப் பகை மழையும் கறையானும். இங்கே பனி. இந்நாட்டுப் பொறியியலாளர், கட்டடக் கலைஞர் சங்கத்தின் 261ஆம் இலக்க நியமத்தின்படி, தரையில் விழும் பனியின் பாரம் ஒரு சதுர மீற்றருக்குக் குறைந்தது 90 கிலோ என்று கணக்கிடப்பட வேண்டும். இடம் உயர உயரப் பாரமும் ஏறும். கணக்குக்கு எடுக்கும் உயரம் 540 மீற்றரானால் ஏறக்குறைய 135 கிலோ. 1,000 மீற்றரானால் 365 கிலோவுக்கு மேல். அந்த உயரத்தை நிர்ணயிப்பதில் வட்டாரத்துக்கு வட்டாரம் திருத்தமும் உண்டு. கூரையின் சாய்வைப் பொறுத்து இதில் ஒரு பகுதியே கூரைக்குக் கணக்கிடப்படும். தட்டையான கூரைக்குப் பத்தில் எட்டுப் பங்கு.

தாழ்ந்த நிலத்திலேயே 3 மீற்றர் நீளமும் 3 மீற்றர் அகலமும் கொண்ட கூரை 650 கிலோ பனியைத் தாங்கத் தயாராக இருக்க வேண்டும் என்பது இதன் பொருள். எட்டு, ஒன்பது பெரியவர்கள் கூரைமேல் ஏறி நிற்பதற்குச் சமம். கோடைக்கென்று விற்கும் மெல்லிய கூடாரத்துக்கு இந்த வலு ஏது? வாங்கும்போது 'எத்தனை கிலோ பனி தாங்கும்?' என்று கேளுங்கள். சதுர மீற்றருக்கு இத்தனை கிலோ என்று எழுத்தில் பதில் தராத பொருளைப் பனிக்காலத்தில் வெளியே நிறுத்தாதீர்கள்.

காற்றுக்கும் கணக்கு உண்டு. மணிக்கு 75 கிலோமீற்றர் வேகத்தில் வீசும் காற்று ஒரு சதுர மீற்றரில் ஏறக்குறைய 27 கிலோ வலுவுடன் தள்ளும். 120 கிலோமீற்றரானால் அது 70 கிலோ. 9 சதுர மீற்றர் துணியை 600 கிலோவுக்கு மேற்பட்ட வலு இழுத்தால், புல்லில் அடித்த முளை என்ன செய்யும்? 1999 டிசெம்பர் 26இல் வீசிய லோதார் புயலில் இந்நாட்டில் 14 பேர் உயிரிழந்தனர். 2023 ஜூலை 24இல் லா ஷோ-த-ஃபோன் நகரில் சில நிமிடங்களே அடித்த காற்று மணிக்கு 217 கிலோமீற்றர் என்று பதிவாயிற்று. அந்த வேகத்தைச் சிறு கூரை எதுவும் தாங்காது. ஆனால் ஆண்டுதோறும் வரும் காற்றைத் தாங்கியே ஆக வேண்டும். தூண்களின் அத்திவாரம் உறைபனி எட்டாத ஆழத்தில், தாழ்நிலங்களில் வழமையாக 80 சென்ரிமீற்றரில், தனியாக இருக்க வேண்டும். தொட்டியின் சட்டத்தோடு கூரைத்தூணைப் பிணைக்கலாகாது.

ஆலங்கட்டி மழையும் உண்டு. 2023 ஆகஸ்ட் 25இல் லொகார்னோ வட்டாரத்தில் பெய்த ஆலங்கட்டி பல கூரைகளையும் வாகனங்களையும் துளைத்தது. இந்நாட்டில் கூரைப் பொருள்களை ஆலங்கட்டிக்குச் சோதித்து 1 முதல் 5 வரை தரம் பிரிக்கிறார்கள். மூன்றாம் தரம் என்பது 3 சென்ரிமீற்றர் கட்டியைத் தாங்குவது. தகடு வாங்கும்போது இந்தத் தரத்தைக் கேட்கலாம்.

காப்புறுதியையும் பார்த்துக்கொள்ளுங்கள். இந்நாட்டின் 26 கன்ரோன்களில் 19இல் கட்டடக் காப்புறுதி கன்ரோனின் சொந்த நிறுவனத்திடம் இருக்கிறது. மற்ற ஏழிலும் தனியார் நிறுவனங்களிடம். புதிய கூரையையும் தொட்டியையும் அறிவித்தால்தான் அவை கணக்கில் சேரும். புயல் என்று காப்புறுதியில் கொள்ளப்படுவது மணிக்கு 75 கிலோமீற்றரும் அதற்கு மேலும் வீசும் காற்று. துணியும் கூடாரமும் ஒப்பந்தத்தில் சேருமா என்பதை வாசித்துப் பாருங்கள். விளங்காவிட்டால் பிள்ளைகளைக் கொண்டு வாசிப்பியுங்கள்.

கெமைண்டேயும் அயலவரும்

'எனது காணி, எனது கூரை' என்ற பேச்சு இந்நாட்டில் எடுபடாது. 1980 ஜனவரி 1 முதல் நடைமுறையிலுள்ள நிலத்திட்டச் சட்டத்தின் 22ஆம் பிரிவு, எந்தக் கட்டடமோ அமைப்போ அதிகாரிகளின் அனுமதியுடனேயே எழுப்பப்பட வேண்டும் என்கிறது. எவ்வளவு சிறியதானால் அனுமதி வேண்டாம் என்பதைக் கன்ரோன்கள் வகுத்திருக்கின்றன. அளவு இடத்துக்கு இடம் மாறும். பேர்ணில் இருக்கும் மைத்துனருக்கு அனுமதி தேவைப்படவில்லை என்பதால் சூரிச்சில் இருக்கும் நமக்கும் தேவையில்லை என்று முடிவு செய்யலாகாது. அனுமதி வேண்டாத சிறு கூரையும் எல்லையிலிருந்து விட வேண்டிய தூரத்தை விட்டே ஆக வேண்டும்.

ஆகவே முதல் வேலை கெமைண்டேயின் கட்டடப் பகுதிக்குப் போவது. காணியின் படம், தொட்டியின் இடம், கூரையின் நீளம், அகலம், உயரம், எல்லையிலிருந்து தூரம் ஆகியவற்றை ஒரு தாளில் வரைந்துகொண்டு போனால் போதும். அனுமதி வேண்டும் என்றால், கூரை வரும் இடத்தில் கம்புகள் நட்டு அதன் உருவத்தை அயலவருக்குக் காட்டச் சொல்வார்கள். குறித்த நாட்களுக்குள் அயலவர் ஆட்சேபனை தெரிவிக்கலாம். அனுமதியின்றிக் கட்டிவிட்டுப் பின்னர் பிரித்தெடுக்கும் செலவைவிட இந்தத் தாமதம் மலிவு.

மாடிவீட்டைச் சொந்தமாக வாங்கியவர்கள் இன்னொன்றையும் அறிய வேண்டும். கீழ்த்தள வீட்டோடு வரும் தோட்டம் பெரும்பாலும் எல்லா வீட்டாருக்கும் பொதுவான காணி. உங்களுக்கு உள்ளது பாவிக்கும் உரிமை. வெளித்தோற்றத்தை மாற்றும் கூரைக்குச் சொந்தக்காரர் கூட்டத்தின் சம்மதம் வேண்டும். வாடகைக்கு இருப்பவர்கள், கடப்பாட்டுச் சட்டத்தின் 260அ பிரிவின்படி, வீட்டுச் சொந்தக்காரரின் எழுத்து மூலமான சம்மதமின்றி மாற்றம் செய்யலாகாது. வாய்ச்சொல் போதாது.

1912 முதல் நடைமுறையிலுள்ள குடியியற் சட்டத்தின் 684ஆம் பிரிவு, புகை, ஒலி, நாற்றம் முதலியவற்றால் அயலவருக்கு மிகையான தொல்லை தருவதைத் தடுக்கிறது. தொட்டியின் பம்பி ஒலி, தகட்டில் விழும் மழையொலி, இரவில் நம் பேச்சொலி யாவும் இதில் அடங்கக்கூடும். பல ஊர்களில் இரவு 10 மணிக்குப் பின் அமைதி விதியாகும். ஆனால் சட்டப்பிரிவுகளைப் படிப்பதைவிட நல்ல வழி ஒன்று உண்டு. கடதாசி எதையும் கெமைண்டேக்குக் கொடுப்பதற்கு முன், படத்தை எடுத்துக்கொண்டு அயலவர் வீட்டுக் கதவைத் தட்டுங்கள். ஒரு தட்டு வடையோடு போனாலும் தவறில்லை. 'உங்கள் யன்னலிலிருந்து பார்த்தால் இது தடையாக இருக்குமா?' என்று கேளுங்கள். அவர் சொல்லும் இடத்துக்குக் கூரையை அரை மீற்றர் நகர்த்துவதால் நாம் இழப்பது ஒன்றுமில்லை. அவர் சம்மதித்தால் படத்திலேயே கையொப்பம் வாங்கிக்கொள்ளுங்கள்.

கூரைநீரையும் மறக்கலாகாது. பீலி வைத்து நீரை நம் காணிக்குள்ளேயே மண்ணில் ஊறவிட வேண்டும். தூய மழைநீரை மண்ணில் ஊறவிடுவதையே 1991ஆம் ஆண்டு நீர்ப் பாதுகாப்புச் சட்டமும் விரும்புகிறது. ஆனால் மருந்திட்ட தொட்டிநீரை அதே குழியில் விடலாகாது. அதை எங்கே விடுவது என்று கெமைண்டேயிடம் கேளுங்கள்.

மின்சாரம், விறகு, இடி

கூரை வந்தால் அதன் கீழ் விளக்குப் போடும் ஆசையும் வரும். நீருக்கு அருகே மின்சார வேலை அனுமதி பெற்ற மின்தொழிலாளரின் வேலை. தெரிந்த தம்பி ஒருவர் செய்து தருவார் என்று விடக்கூடாது. விறகால் சூடாக்கும் தொட்டியானால், புகைபோக்கிக்கு மேலே துணியோ பிளாஸ்ரிக் தகடோ வரக்கூடாது. தீப்பொறி ஒன்று போதும். புகை போகும் திசையில் அயலவரின் யன்னல் இருந்தால் அந்த இடமே பொருந்தாது.

இடி கேட்டால் உடனே தொட்டியை விட்டு வீட்டுக்குள் போக வேண்டும். தலைக்கு மேல் கூரை இருப்பதால் ஆபத்தில்லை என்று எண்ணுவது பிழை. அது மழைக்கான கூரையே தவிர, மின்னலுக்கான காப்பு அல்ல.

முதியோரும் பிள்ளைகளும்

தொட்டி வாங்கியது முதியோருக்காக என்றால் கூரையும் அவர்களுக்காகவே அமைய வேண்டும். வீட்டு வாசலிலிருந்து தொட்டிவரை கூரையும், வழுக்காத தரையும், பிடிகம்பியும் இருந்தால்தான் குளிர்காலத்தில் அம்மா அதைப் பாவிப்பார். தொட்டிக்கு மேல் அழகான கூரை இருந்து, போகும் பாதையில் உறைபனி படிந்திருந்தால், முழங்கால் வலிக்கு வைத்த தொட்டியே இடுப்பு முறியக் காரணமாகிவிடும். பணம் குறைவென்றால் தொட்டிக்கு மேல் அரைக் கூரையும் பாதைக்கு மேல் முழுக் கூரையும் போடுவது புத்தி. இரத்த அழுத்தம், இருதய நோய் உள்ளவர்களும் கர்ப்பிணிகளும் முதலில் வைத்தியரைக் கேட்க வேண்டும். 40 பாகை நீரிலிருந்து சடுதியாக எழுந்தால் தலைசுற்றும்.

பிள்ளைகள் விடயத்தில் இந்நாட்டு விபத்துத் தடுப்பு ஆலோசனை நிலையத்தின் அறிவுரை தெளிவானது: நீரருகே சிறு பிள்ளைகள் எப்போதும் கைக்கெட்டும் தூரத்தில் இருக்க வேண்டும். மூடியைப் பூட்டி வையுங்கள். மூடிமேல் பிள்ளைகள் ஏறி விளையாட விடாதீர்கள். கூரைத்தூணைப் பிடித்து ஏற வசதியான படியோ பெட்டியோ அருகில் இருக்கலாகாது.

முடிவாக

செய்ய வேண்டியவற்றின் ஒழுங்கைத் தொகுத்துச் சொன்னால் இவ்வாறு அமையும். ஒரு குளிர்காலமும் ஒரு கோடையும் வளவில் காற்று வரும் பக்கத்தையும் வெயில் விழும் பக்கத்தையும் கவனியுங்கள். நல்ல மூடி வாங்குங்கள். காற்றுப் பக்கம் தட்டி வையுங்கள். அயலவரையும் கெமைண்டேயையும் கேளுங்கள். உங்கள் ஊரின் பனிப்பாரத்தை அறியுங்கள். இவ்வளவுக்கும் பின்னர் கடைக்குப் போனால், பத்து வகைக் கூரைகளில் ஏழெட்டு வகை தாமாகவே விலகிவிடும். மீதியுள்ள இரண்டு மூன்றில் உங்கள் கண்ணுக்கும் கைப்பணத்துக்கும் ஏற்றதை எடுக்கலாம்.

சூரிச்சில் ஓராண்டில் பெய்யும் மழையும் யாழ்ப்பாணத்தில் பெய்யும் மழையும் அளவில் பெரிதும் வேறுபடுவதில்லை. அங்கே அது பெரும்பாலும் ஐப்பசி முதல் மார்கழி வரை கொட்டித் தீர்க்கிறது; இங்கே ஆண்டில் 120 நாட்களுக்கு மேல் சிறிது சிறிதாகப் பெய்கிறது. ஆகவே இந்நாட்டில் கூரை என்பது ஒரு பருவத்துக்குப் போட்டுப் பிரிக்கும் பந்தல் அன்று. ஆண்டு முழுவதும் நின்று உழைக்க வேண்டியது. நம்மைப் பெற்றவர்களும் இந்நாட்டில் அவ்வாறே உழைத்தார்கள். அவர்கள் கால் நனைத்து இளைப்பாறும் இடத்துக்கு மேலே போடும் கூரையை அவசரப்படாமல், உறுதியாக, அயலவர் முகம் சுளிக்காமல் போடுவோமாக.